கிருஷ்ணகிரியில் நெடுந்தூர ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விடியலில் ஓடுகிறேன். அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர்தான் எனக்குப் பிடித்த தூரம். கீழே இருப்பவை கேண்டீனிலும் பேருந்திலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள். வேறு ஊருக்கு எழுதிய பயிற்சி அட்டவணையை வைத்துக்கொண்டு நம் வெயிலிலும் நம் வேலை நேரத்திலும் மல்லுக்கட்டி, இரண்டே மாதத்தில் விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

வாரத்துக்கு எத்தனை நாள் ஓடுகிறீர்கள்?

நான்கு நாள். செவ்வாய் 7 கிலோமீட்டர் மெதுவாக. வியாழன் கொஞ்சம் வேகப் பயிற்சி, முன்னாலும் பின்னாலும் மெல்லோட்டம் சேர்த்து 8 வரும். வெள்ளி 6, அதுவும் மெதுவாக. ஞாயிறு நீள ஓட்டம், எல்லோரும் சொல்கிற லாங் ரன், 14 முதல் 18 வரை. புதன்கிழமை ஓட்டம் கிடையாது, வீட்டிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து எழுவது, படி ஏறி இறங்குவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பைத் தாங்கி நிற்கும் பிளாங்க். திங்களும் சனியும் ஓய்வு, ஆனால் வேலை நாளில் லேபுக்கும் உற்பத்திக் கூடத்துக்கும் நடப்பதே போதுமான நடை.

வாரம் ஆறு நாள் ஓடச் சொல்லும் அட்டவணைகள் நிறைய உண்டு. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு அது ஒத்துவராது என்பது என் முடிவான கருத்து. நிற்பதும் காலுக்கு உழைப்புதான், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இவ்வளவு மெதுவாக ஓடினால் எப்படி வேகம் வரும்?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், குறிப்பாகக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகள். அவர்களுக்கு 1500 மீட்டர்தான் கண்ணில் நிற்கிறது, அதனால் தினமும் மைதானத்தில் முழு மூச்சாக ஓடி நேரம் பார்க்கிறார்கள். ஒரு மாதம் நேரம் குறையும், அப்புறம் நின்றுவிடும், அப்புறம் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வலி வரும்.

மெதுவாக ஓடும்போது உடம்புக்குள் நடப்பவை பல. தசையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடும், கொழுப்பை எரித்து ஓடப் பழகுவதால் தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்தான கிளைகோஜன் நீண்ட நேரம் தாங்கும். இவை எல்லாம் பேசிக்கொண்டே ஓடும் வேகத்திலேயே நடக்கின்றன. இன்னொன்று, இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும், தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று வேகத்தைக் கூட்டுகிறவர்களுக்கு அடிபடும் இடம் அந்த இடைவெளிதான்.

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர் ஓட்டக்காரர், அதாவது மைதானத்தை இரண்டே சுற்று. அவரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓட வைத்தார் லிடியார்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியார்டின் இன்னொரு மாணவரான மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். இரண்டு சுற்று ஓட்டக்காரருக்கே அவ்வளவு அடித்தளம் தேவைப்பட்டது என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம்.

வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் தேவையில்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி. தனியாக ஓடினால் ஏதாவது ஒரு பாட்டின் இரண்டு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாரத்தின் மொத்தத் தூரத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வேகத்தில் போகட்டும்.

அந்த வியாழக்கிழமை வேகப் பயிற்சி என்ன?

மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் 800 மீட்டர் வேகமாக, 400 மீட்டர் மெதுவாக, இப்படி ஐந்து முறை. வேகம் என்றால் கண் இருட்டும் வேகம் இல்லை, ஐந்தாவதையும் முதலாவதின் நேரத்திலேயே முடிக்கக்கூடிய வேகம். மைதானம் கிடைக்காத வாரத்தில் ஒரு நிமிட ஏற்றம் உள்ள சாலையில் ஏறி, நடந்து இறங்கி, எட்டு முறை. நம் ஊரில் ஏற்றத்துக்குப் பஞ்சமே இல்லை.

அக்கா, எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? வீட்டு வேலையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

நாலரைக்கு. ஐந்துக்குள் சாலையில் இருப்பேன், ஆறுக்கெல்லாம் திரும்பிவிடுவேன், லாங் ரன் அன்று மட்டும் ஏழரை ஆகும். இட்லி மாவு முந்தைய நாளே ஆட்டியிருக்கும், காய் நறுக்கி ஃபிரிட்ஜில் இருக்கும். மகனுக்குத் தலை வாரி யூனிஃபார்ம் போட்டுவிடுவது வீட்டுக்காரர் பொறுப்பு. செவ்வாய், வியாழன், வெள்ளி இந்த மூன்று நாளும் முதல் டீ மாமியார் கையால்தான். ஆரம்பத்தில் அவருக்கு இதில் விருப்பமில்லை, ‘இருட்டில் எதற்கு ஓட வேண்டும்’ என்றார். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு ஓட்டத்தை அவரே மருந்து மாதிரி பார்க்க ஆரம்பித்தார்.

இதோடு தூக்கத்தையும் சொல்ல வேண்டும். நாலரைக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும். இரவு சீரியலும் அதிகாலை ஓட்டமும் சேர்ந்து போகாது. ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு ஓடுவதைவிட அன்றைக்கு ஓட்டத்தை விட்டுவிட்டுத் தூங்குவது நல்லது, அடுத்த நாள் ஓடிக்கொள்ளலாம்.

மாம்பழ சீசனில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா சாகுபடி பெரிது, அதை நம்பி மாங்கூழ் ஃபேக்டரிகளும் இருக்கின்றன. அல்போன்சா முதலில் வரும், அப்புறம் செந்தூரா, அப்புறம் கூழுக்கென்றே வருகிற தோத்தாபுரி, நாம் பெங்களூரா என்று சொல்வது. மே முதல் ஜூலை வரை, சில ஆண்டுகளில் ஆகஸ்ட் வரை, வாசலில் லாரியும் டிராக்டரும் வரிசை கட்டி நிற்கும். ஷிப்ட் மாறி மாறி வரும், இரவு ஷிப்டும் உண்டு. ஒவ்வொரு லாட்டுக்கும் பிரிக்ஸ் அளவும், அதாவது இனிப்பும், புளிப்பும் பார்த்துச் சொல்லாமல் இயந்திரம் நகராது, அதனால் லேபில் உட்காரக்கூட நேரம் இருக்காது.

அந்த மாதங்களில் என் வாரம் இரண்டு ஓட்டமாகச் சுருங்கிவிடும், ஷிப்ட் தயவு செய்தால் மூன்று. ஒன்று 5 கிலோமீட்டர், நடுவில் சில நிமிடங்கள் வேகமாக. இன்னொன்று 10, மெதுவாக. அவ்வளவுதான். தூரத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தாலும், வாரத்துக்கு இரண்டு முறையாவது ஓடி, அதில் கொஞ்சம் வேகத்தையும் வைத்துக்கொண்டால், சேர்த்து வைத்த தாங்குதிறன் மூன்று மாதம் வரை பெரிதாகக் குறையாது. அடியோடு நிறுத்தினால்தான் இரண்டு வாரத்திலேயே சரிய ஆரம்பிக்கும். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வந்து நேராக ஓடப் போகவே கூடாது. தூங்கி எழுந்து, மாலையில் வெயில் இறங்கிய பிறகு போங்கள். கண் சொக்கிய நிலையில் சாலையில் ஓடுவது ஆபத்து, அதுவும் லாரிகள் ஓடுகிற சீசனில்.

ஆகஸ்டில் மழைக்காற்று வந்து வேலையும் தணிந்ததும் மறுபடி தூரத்தைக் கூட்ட ஆரம்பிப்பேன். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏற்றுகிறவர்கள், ஆசிரியர்கள், யாராக இருந்தாலும் முதலில் உங்கள் ஆண்டின் பளுவான மாதங்களைக் காலண்டரில் குறித்துவிட்டு, மீதியில் பயிற்சியை வையுங்கள்.

எங்கே ஓடுவது?

ஊருக்குள் என்றால் விளையாட்டு அரங்கம். வெளியே என்றால் தருமபுரி போகும் வழியில் அவதானப்பட்டி ஏரிப் பக்கம், அதைத் தாண்டி கே.ஆர்.பி. அணைப் பக்கத்துக் கிராமச் சாலைகள். தென்பெண்ணையில் கட்டிய அந்த அணையிலிருந்து இரண்டு பக்கமும் பாசனக் கால்வாய் போகிறது. கால்வாய்க் கரையில் மண்பாதை இருக்கிற இடங்களில் ஓடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தார்ச் சாலையைவிடக் காலுக்கு மெத்தென்று இருக்கும், ஒரு பக்கம் தென்னை, இன்னொரு பக்கம் நெல், ஜனவரியில் பனி இறங்கிய காலையில் அங்கே ஓடுவதற்காகவே நான் இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன். மழைக்குப் பிறகு மட்டும் வழுக்கும், பாம்பும் இருக்கும், வெளிச்சம் வந்த பிறகே போங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் ஓடாதீர்கள், சர்வீஸ் ரோட்டிலும் கூடுமானவரை வேண்டாம். எந்தச் சாலையானாலும் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டையும் நெற்றி விளக்கும் விலை அதிகமில்லை, இரண்டையும் வாங்கிவிடுங்கள். இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம்.

தருமபுரிக்காரர்களுக்கு?

அங்கேயும் அரங்கம் இருக்கிறது. ஏற்றப் பயிற்சிக்கு வத்தல்மலைச் சாலை அருமை, கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும், முழுவதும் ஓட வேண்டியதில்லை, ஓட்டமும் நடையுமாக ஏறினாலே போதும். இறங்கும்போது தொடை முன்தசை அடி வாங்கும், முதல் முறை போகிறவர்கள் இறக்கத்துக்கு வண்டியில் வந்துவிடுங்கள். தொப்பூர் கணவாய்ச் சாலைப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள், அங்கே நடக்கும் விபத்துகள் ஊருக்கே தெரியும்.

யானை பயம் உண்டா?

கிருஷ்ணகிரி நகரத்தைச் சுற்றி அவ்வளவாக இல்லை. தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி, ஓசூர் பக்கம் சானமாவு, இந்த இடங்களில் நிச்சயம் உண்டு. ராகி கதிர் முற்றி அறுவடைக்கு வரும் நேரத்தில் கூட்டமாக வந்து இரவில் வயலில் மேய்ந்துவிட்டு விடிகிற நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்பும், அதாவது நாம் ஓடுகிற அதே நேரம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் வெயில் வந்த பிறகு, ஊர் நடமாட்டம் உள்ள சாலையில் மட்டும் ஓடுங்கள். வனத்துறை எச்சரிக்கை கொடுத்திருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலைக்கும் இதேதான்.

நாய்?

யானையைவிட நாய்தான் அன்றாடப் பிரச்சினை. ஓடாமல் நின்றுவிடுங்கள், கண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல் மெதுவாக நடந்து கடந்து போங்கள். குனிந்து கல் எடுப்பது போலச் செய்தால் பெரும்பாலும் விலகிவிடும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் போனால் அந்தத் தெரு நாய்கள் பழகிவிடும்.

கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசியைத் தொடங்குங்கள், அங்கே இலவசம், எல்லாத் தவணையையும் போட்டு முடியுங்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. வீட்டு நாய்தானே என்றும் விட்டுவிடக் கூடாது.

ஏப்ரல் வெயிலில் ஓடுவது எப்படி?

வேகத்தை மறந்துவிடுவதுதான் வழி. சூடான நேரத்தில் இதயம் தசைக்கு மட்டுமல்ல, உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால் ஜனவரியில் சுலபமாக இருந்த வேகம் ஏப்ரலில் திணறடிக்கும். கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக பத்துப் பதினைந்து நாள் ஆகும். விடியலுக்குச் சற்று முன்னால்தான் நாளின் குளிர்ந்த நேரம். மாலையில் ஆறு மணிக்குக்கூடத் தார்ச் சாலை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

ஓடும்போது புல்லரித்துக் குளிர்வது போல இருந்தாலோ, தலை கிறுகிறுத்தாலோ, பேச்சு குழறினாலோ அது வெப்பத் தாக்கின் அறிகுறி. உடனே நின்று நிழலுக்குப் போய் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள், கூட இருப்பவர்கள் காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது? போர் தண்ணீர் குடிக்கலாமா?

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு, போகும்முன் ஒரு டம்ளர், வந்ததும் தாகத்துக்கு. அதற்கு மேல் ஓடினால் உப்பும் வேண்டும். உப்புப் போட்ட மோர், அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதே நேரம் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், தாகம்தான் நல்ல வழிகாட்டி.

போர் தண்ணீர் பற்றிக் கேட்பது மிகவும் நியாயம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழுந்தவர்களை, முதுகு வளைந்த பெரியவர்களை நம் கிராமங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. ஓடுகிறவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குடிக்கிறோம், அதனால் நமக்குள் போகும் அளவும் அதிகம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் நீக்காது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், அது வராத நாளில் ஆர்.ஓ. தண்ணீர், போர் தண்ணீர் குளிக்க மட்டும். வழியில் தாகமெடுத்து வயல் பம்புசெட்டில் வாய் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், கையில் பாட்டில் எடுத்துப் போங்கள்.

என்ன சாப்பிடுகிறீர்கள்? புரோட்டீன் பவுடர் வேண்டுமா?

வேண்டாம். நம் சாப்பாடே ஓட்டக்காரர் சாப்பாடு. ஓடும் முன் ஒரு வாழைப்பழம், வாரநாளில் அதுவும் இல்லை. வந்ததும் இட்லியும் முட்டையும். ஞாயிறு லாங் ரன் முடிந்து மதியம் ராகிக் களி, கீரைக் கடைசல் அல்லது அவரைக்கொட்டைக் குழம்பு, கூட நாட்டுக்கோழி இருந்தால் இன்னும் நல்லது. ஓடும் முன் மட்டும் களி ஆகாது, செரிக்க நேரம் எடுக்கும், வயிற்றில் கல்லாக நிற்கும்.

100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் 120 தான். ராகியில் உள்ள ஃபைடேட் என்ற பொருள் அதில் கொஞ்சத்தைச் சேரவிடாது, முளைகட்டி மாவரைத்தால் அந்தத் தடை குறையும். புரதத்துக்குக் கொள்ளும் வேர்க்கடலையும், இரண்டிலும் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் உண்டு. கொள்ளு குதிரைக்குத்தான் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு ரசமாக வைத்துக் கொடுங்கள், சுண்டல் செய்யுங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் ஓட்டத்தின் நடுவிலும் மாவுச்சத்து தேவை, மணிக்கு 30 முதல் 60 கிராம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் கிடைக்கும். ஜெல் பாக்கெட்டுக்குப் பதில் பேரீச்சம்பழம் போதும். கடலை மிட்டாய் ஓடும்போது தொண்டையில் சிக்கும், வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள். சீசனில் மாம்பழம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா என்றும் கேட்கிறார்கள். ஓடிய நாளில் இரண்டு சாப்பிடுங்கள், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு.

பெண்கள் இவ்வளவு தூரம் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார்களே?

ஓட்டத்தால் அப்படி இறங்காது. இந்தப் பயம் நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை, உலகமே நம்பிய பொய் இது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள், முடித்தவர்கள் களைத்துப்போனார்கள் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள், 1960 வரை திரும்ப வரவில்லை. ஆண்கள் 1896லிருந்து ஓடிய ஒலிம்பிக் மாரத்தானைப் பெண்கள் ஓட 1984 ஆகிவிட்டது. இன்றைக்கு 42.195 கிலோமீட்டரைப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் உலகமெங்கும் ஓடுகிறார்கள். கேரளத்தின் ஓ.பி. ஜெய்ஷா அந்தத் தூரத்தை 2015ல் பெய்ஜிங்கில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடினார்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பிறகு இடுப்படித் தசை தளர்ந்திருக்கும். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ அடியில் கனமாக இழுத்தாலோ ஓட்டத்தை நிறுத்தி மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள், பெரும்பாலோருக்குச் சரியாகும். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமே இல்லை இது, நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது.

மாதவிலக்கு நாட்களில்?

முடிந்தால் ஓடுங்கள், முடியாவிட்டால் நடங்கள், அதுவும் முடியாவிட்டால் படுங்கள். ஆனால் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கும், கால் கனக்கும், ‘எனக்கு ஓட்டம் வராது’ என்று தப்பாக முடிவுகட்டி விடுவீர்கள். எங்கள் ஃபேக்டரியிலிருந்து ஓட வந்த பெண்களிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பரிசோதனைச் சீட்டைத்தான், ஷூவை அல்ல. முருங்கைக் கீரையோடு எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள், சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள், டீ இரும்பைச் சேரவிடாது, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ரொம்பக் குறைவாக இருந்தால் கீரையால் மட்டும் ஏறாது, மாத்திரை வேண்டும்.

மூட்டு தேய்ந்துவிடாதா?

2017ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், உடற்பயிற்சிக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாதவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. தொழில்முறையாகக் கடுமையாக ஓடுகிறவர்களுக்கு 13.3. ஆக, நம்மைப் போல ஓடினால் மூட்டுக்கு நல்லதே. ஏற்கெனவே மூட்டு வீங்கியவர்கள், எடை மிக அதிகம் உள்ளவர்கள் நடையில் தொடங்குங்கள்.

எந்த ஷூ?

கடையில் போட்டு நாலு எட்டு ஓடிப் பார்த்து, எங்கும் கடிக்காத ஷூ. மாலையில் போய் வாங்குங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டரில் அடிப்பகுதி செத்துவிடும். வெறுங்காலில் ஓடலாமா என்றால், மாரத்தான் ஓட்டக்காரர் சிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடிப் பெயர் வாங்கியவர், 1978ல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த இந்தியராலும் முறியடிக்க முடியவில்லை. ஆனால் நம் சாலை ஓரத்தில் கண்ணாடித் துண்டும் கருவேல முள்ளும் கிடக்கின்றன. ஷூ போடுங்கள்.

ஓசூர் உயரமான ஊர், அங்கே போய்ப் பயிற்சி செய்தால் கென்யாக்காரர்கள் மாதிரி ஆகலாமா?

ஓசூர் சுமார் 900 மீட்டர். ரத்தத்தில் சிவப்பணு கூடும் அளவுக்கு ஏறக்குறைய 2000 மீட்டராவது வேண்டும், கென்யாவில் ஓட்டக்காரர்கள் பயிற்சி செய்யும் இட்டென் ஊர் 2400, நம் ஊட்டி 2200க்கு மேல். ஓசூரின் நன்மை குளிர்ச்சிதான், கோடையில் லாங் ரன்னுக்கு அங்கே போவது நல்ல யோசனை.

எந்தப் போட்டிக்குப் போகலாம்?

சென்னை மாரத்தான் ஜனவரியில், கோவை மாரத்தான் டிசம்பரில். இரண்டும் நமக்குத் தோதானவை, ஆகஸ்டில் தொடங்கி குளிர்ந்த மாதங்களில் தயாராகலாம். பெங்களூரு 10 கிலோமீட்டர் ஓட்டம் ஏப்ரல், மே வாக்கில் வரும். இங்கிருந்து பேருந்தில் போய்விடலாம், ஆனால் அதிகாலைப் போட்டிக்கு முதல் நாளே போய்த் தங்க வேண்டும். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது என்பதால் சென்னைக்குப் போக ஜோலார்பேட்டை போய் ஏறுவது நல்லது, இரவுப் பேருந்தில் உட்கார்ந்தே போய் இறங்கி ஓடினால் கால் மரத்துப்போகும்.

முதல் ஆண்டில் முழு மாரத்தான் வேண்டாம். 10, அப்புறம் 21, இரண்டு ஆண்டு கழித்து ஆசை இருந்தால் 42. சேர்த்து வைத்த கிளைகோஜன் பெரும்பாலோருக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துவிடும், அதற்கு அப்புறம் வரும் 12 வேறொரு உலகம்.

வலி வந்தால் ஓடலாமா?

இரண்டு காலிலும் ஒரே மாதிரி தசை வலித்தால் அது பயிற்சி வலி, மெதுவாக ஓடலாம். ஒரு காலில், ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி என்றால் நிறுத்துங்கள். எலும்பில் அப்படி இருந்தால் விரிசலாக இருக்கலாம், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால், கட்டிலிலிருந்து இறங்கும் முன் பாதத்தை நீவி, ஆடுசதையை இழுத்துவிட்டு எழுந்திருங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம், இவை வந்தால் ஓட்டப் பேச்சே இல்லை, நேராக மருத்துவமனை. நாற்பதைத் தாண்டியவர்கள், வீட்டில் இதய நோய் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இதுவரை ஓடியதே இல்லை. நாளைக்கே தொடங்க வேண்டும், எப்படி?

ஐந்து நிமிடம் நடங்கள். ஒரு நிமிடம் ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள், இதை ஏழு முறை. ஐந்து நிமிடம் நடந்து முடியுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று முறை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓடும் நேரத்தை ஒரு நிமிடம் கூட்டுங்கள். கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள், யாரும் துரத்தவில்லை.

என் மனைவிக்கு ஓட ஆசை, ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்குகிறாள். நான் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆண்களை எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் மாதம் அவரோடு கூடப் போங்கள், அவர் வேகத்துக்கு, முன்னால் ஓடிவிடாமல். அப்புறம் தெருவில் இன்னொரு பெண்ணைச் சேர்த்துவிடுங்கள், இரண்டு பேர் ஆகிவிட்டால் பேச்சு அடங்கும், மூன்று பேர் ஆனால் ‘எங்களையும் கூப்பிடக் கூடாதா’ என்று கேட்பார்கள், எங்கள் தெருவில் அப்படித்தான் நடந்தது. சுடிதார் போட்டு ஓடினாலும் சரி, டிராக் பேன்ட் போட்டாலும் சரி, அவருக்கு எது சௌகரியமோ அது. ஷாலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், மார்புக்கு இறுக்கமான ஸ்போர்ட்ஸ் உள்ளாடை கட்டாயம், முதல் செலவு அதற்குத்தான். அவர் ஓடப் போகிற நாளில் பால் காய்ச்சுவது, பிள்ளையை எழுப்புவது, டிபன் பாக்ஸ் கட்டுவது இந்த மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை மணிக்கு அலாரம் அடிக்கும்போது அவர் மனதில் ஓடுவது ஊர்ப்பேச்சைவிட அந்த மூன்று வேலைதான்.